மொட்டைக் கடுதாசி

தையல்காரர் கதவைத் தட்டினார். செய்த பாவத்துக்காக அழுது தொழுது மாதக்கணக்காயிற்று. ஆனால், அநியாயத்துக்கு ஆளானவரிடமே மன்னிப்புக் கேட்காமல் அந்தப் பாவம் தீராது என்று இமாம் சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள்.

"தங்கச்சி, உன் கல்யாணத்தை நிறுத்தின மொட்டைக் கடுதாசியை எழுதினது நான்தாம்மா. கல்யாணத் துணியை வேற கடையில தைக்கக் குடுத்த கோபம். எனக்கு எதிரா அல்லாஹ்கிட்ட கையேந்திடாதே!"

அவள் முகம் வெளிறியது.

"உங்களுக்கு எதிரா ஒருநாளும் கேக்கலியே அண்ணே."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எங்க அண்ணிதான் எழுதினாங்கன்னு நெனச்சேன். மூணு வருஷமா ஒவ்வொரு தொழுகையிலயும் அவங்க நாசமாப் போகணும்னுதான் கேட்டேன்." அவள் கதவை அகலத் திறந்தாள். "உள்ள வாங்கண்ணே. இப்ப நாம ரெண்டு பேருமே அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.