நிலை இடிக்கும்

பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் புதுப்பெண்டாட்டி பிளாரன்சியைத் தன் படகிலேயே கூட்டிப்போனான் செல்சன். கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் இன்ஜினை அணைத்தான்.

“தலைய குனிஞ்சுக்கோ. நிலை இடிக்கும்.”

பிளாரன்சி சுற்றிலும் பார்த்தாள். எங்கும் தண்ணீர்தான். “எந்த நிலை?”

“நம்ம வீட்டு வாசல் நிலைதான். ரொம்பக் குட்டையா வச்சுட்டாங்க.”

துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகு கடல் ஏறிவந்து செல்சனின் பழைய வீட்டையும் சேர்த்து ஊரில் பாதியை எடுத்துக்கொண்டதைப் பெண் பார்க்க வந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள். இப்போது குடியிருப்பது ரோட்டுக்கு அந்தப் பக்கம், அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டில். அங்கே வாசல் நல்ல உயரம். ஆனாலும் செல்சன் குனிந்துதான் நுழைவான். அடக்கமான ஆள் என்று அவள் நினைத்திருந்தாள்.

அவன் முதுகை வளைத்துக் குனிந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேண்டுமென்றே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அம்மா!” என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்தபோது புருவத்துக்கு மேலே புடைத்திருந்தது.

செல்சன் கட்டைவிரலால் அதை மெல்லத் தேய்த்துவிட்டான்.

“வாழ வந்த பொண்ணுங்க எல்லாரும் மொத நாள் இடிச்சுக்கிறதுதான்” என்றான். “சரி, உள்ள வா.”