கோவர்த்தனனார் வீட்டுச் சாமான்

மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றும் லாரி ஒன்று சத்தியவேட்டுத் தெருவுக்குள் திணறிக்கொண்டு நுழைந்தது. கோவர்த்தனனார் வாசலுக்கு வந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சுலோசனா, நம்ம சாமான் வந்துடுச்சி! ஆரத்தி எடுத்துக்கினு வா!"

சாமானுக்கு ஆரத்தியா என்று உள்ளேயிருந்து யாரும் கேட்கவில்லை. அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் எதையும் கேட்பதில்லை.

அவர் கணக்கில் அவை வெறும் சாமான்கள் அல்ல. அந்நிய மண்ணில் சிறைப்பட்டு மீண்டு வருபவை. தேக்குக் கட்டில், கண்ணாடி பதித்த பீரோ, பித்தளை அண்டா. அப்புறம், மேடைகளில் அவருக்கு விழுந்த மாலைகளின் சரிகை மட்டும் பத்திரப்படுத்திய ஒரு மரப்பெட்டி.

திருத்தணி சித்தூர் ஜில்லாவோடு ஆந்திராவுக்குப் போனது போனதுதான் என்று முடிவு கட்டிய முதல் ஆள் அவர். ஊரே கொடி பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் வீட்டை விற்றார். பஸ் நிற்கும் இடத்தருகே தமக்குத் தாமே ஒரு வழியனுப்பு விழா நடத்தி, "செத்தாலும் சென்னை ராஜ்யத்து மண்ணில்தான் சாவேன்" என்று முழங்கினார். கைதட்டல் பலமாக இருந்தது. தட்டியவர்களில் பாதிப் பேர் காளஹஸ்தி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்.

போகிற இடத்தில் வீடு பார்த்து வைக்கவில்லை என்பது மாலையைக் கழற்றிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே, வீட்டை வாங்கிய திருமலை நாயுடுவிடமே தெருப்பக்கத்து அறையை வாடகைக்குக் கேட்டு வாங்கினார். சாமான்களை அதில் அடைத்துப் பூட்டினார். தாம் கட்டிய வீட்டுக்குத் தாமே குடிக்கூலிக்காரர் ஆனார்.

பிறகு எல்லை தாண்டி வீடு தேடினார். ஒரு ஊரில் தண்ணீர் உப்பு. இன்னொன்றில் கொல்லைப்புறம் இல்லை. கடைசியில் செங்கல்பட்டு ஜில்லாவின் வடகோடியில் இந்தச் சத்தியவேடு. கோடியோ நடுவோ, சென்னை ராஜ்யம்தானே. சுலோசனாவின் காசுமாலையும் வளையல்களும் ஓட்டு வீடாக மாறின.

சாமானை அனுப்பச் சொல்லி நாயுடுவுக்குத் தகவல் போயிற்று. இதோ, நாயுடுவே லாரியிலிருந்து இறங்குகிறார். கோவர்த்தனனாருக்கு நெஞ்சு விம்மியது. தெலுங்கரே ஆனாலும் மனிதர்.

கிளீனர் தார்ப்பாயை உருவினான்.

கயிற்றுக் கட்டில். ஒரு தொட்டில். இரும்புப் பெட்டிகள். கதவளவு உயரத்தில் ஏழுமலையான் படம்.

கோவர்த்தனனார் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒன்றுகூட அவருடையது இல்லை.

"இன்னா நாயுடு, லாரி மாறிப் போச்சா? இது எங்க சாமான் இல்லியே!"

"மாறலண்ணா, அந்தா மாதே. எங்களுதுதான்." நாயுடு முகத்துப் புழுதியைத் துடைத்தார். "இங்க வீடு தேடிக்கினு கீறேன். அமையற வரைக்கும் ஒரு ரூம் குடுத்தீங்கன்னா இதெல்லாம் போட்டு வெச்சிக்குவேன். வாடகை தந்துடறேன்."

"திருத்தணியில அம்மாம் பெரிய வீட்ட வெச்சிக்கினு, உனக்கு இங்க எதுக்குய்யா வீடு?"

நாயுடு சாவுச் செய்தி சொல்ல வந்தவர் போலக் குரலைத் தணித்தார்.

"உங்களுக்கு யாரும் சொல்லலியா? டில்லியில முடிவாயிடுச்சிண்ணா. வர்ற ஏப்ரல்லருந்து திருத்தணி மெட்ராசுக்கு. அதுக்குப் பதிலா இந்த ஊரு ஆந்திராவுக்கு. எனக்கும் வழியனுப்பு விழா வெச்சிட்டாங்க. மைக்கப் புடிச்சி பேசிட்டேன். இனிமே அங்க எப்பிடி இருக்கறது, சொல்லுங்க?"

யாரோ சொல்லத்தான் செய்தார்கள். இதே தெருவில் நாவிதர் சவரம் செய்துகொண்டே சொன்னார். தெலுங்கர் கிளப்பிவிட்ட புரளி என்று கத்திவிட்டு, அரைக் கன்னத்துச் சோப்போடு எழுந்து வந்தவர் கோவர்த்தனனார்.

மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குப் பேசக்கூடியவர் சுவரில் கை ஊன்றினார். சுவரும் ஆந்திராவுக்குப் போகப்போகிறது என்பது உறைத்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

காலடியில் மண் அசையக்கூட இல்லை. சின்னதாக ஓர் அதிர்வு இருந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்போ... எங்க சாமானு?"

"அதுங்களுக்கு இன்னாண்ணா? போட்ட எடத்துலயே குந்திக்கினு மெட்ராஸ் போய்ச் சேரப்போவுது."

நாயுடு கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அப்போது சுலோசனா வெளியே வந்தாள். கையில் ஆரத்தித் தட்டு இல்லை. துணி மூட்டை இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அதை அவிழ்த்திருக்கவே இல்லை.

கணவரைக் கடந்து, நாயுடுவைக் கடந்து, நேராக டிரைவரிடம் போனாள்.

"ஏம்பா, இதெல்லாம் எறக்கிட்டுத் திரும்பிப் போறப்ப, முன்னால ஒரு ஆளு குந்த எடம் இருக்குமா?"