லட்சத்தைத் தாண்டியது

"இஞ்சருங்கோ, லட்சத்தைத் தாண்டிட்டுதாம். இனி ஒருத்தராலும் நிப்பாட்ட ஏலாதாம்."

மனைவி கமலாசனி மூச்சிரைக்கச் சொன்னதும், குளித்துக்கொண்டிருந்த பாலேந்திரன் ஈரச் சாரத்தோடு ஓடினான். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் வீடு எரிந்தவர்கள் அவர்கள். லட்சம் பேர் கொண்ட காடையர் கும்பல் வருகிறது என்பதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சற்று நேரத்தில் கட்டுகஸ்தோட்டையின் அந்த ஒழுங்கைச் சனம் முழுவதும், மிளகாய் வியாபாரி றவூபின் கடைக்குப் பின்னால் இருந்த மிளகாய்க் கிடங்கில் கிடந்தது. ஒரு மூட்டைக்குப் பின்னால் ஏழு பேர். பக்கத்து வீட்டுச் சூசையம்மா தையல் மெஷினையும் கொதிக்கிற சொதிச் சட்டியையும் தூக்கி வந்திருந்தாள். தும்மலை அடக்கி அடக்கி அவள் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

வாசலில் றவூபின் லொறி. ஏறினால் அகதி முகாம். திரும்பி வரும்போது வீடுகள் இருக்குமோ என்னவோ.

பாலேந்திரனுக்கு ஏற மனம் வரவில்லை. பல்கலைக்கழகக் கணினியில் ஒரு நரம்புக் கலத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிடுவது அவன் ஆராய்ச்சி. காலத்தைச் சின்னச் சின்னப் படியாக நகர்த்த வேண்டும். நாளைக்குப் பேராசிரியரிடம் காட்டும் அவசரத்தில் பெரிய படி வைத்துவிட்டான். விடை பேயாட்டம் ஆடியது. ஊர்க்கதையும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

"பொறுங்கோ. பெரிய படி வைச்சால் எந்தக் கணக்கும் ஊதிப் பெருக்கும். ஒவ்வொரு படியாய்ப் பின்னால போய்ப் பாப்பம். எண் இறங்கினால் புழுகு. இறங்காட்டில்தான் நிசம்."

கமலாசனிக்குச் சொன்னது சூசையம்மா. அவளும் லட்சம் என்றாள். அவளுக்குச் சொன்னது றவூபின் கடையில் மூட்டை தூக்கும் கணபதி. அங்கே ஐம்பது பேராகச் சுருங்கிவிடும் என்று பாலேந்திரன் நம்பினான்.

"லட்சத்தத் தாண்டிருச்சுன்னுதாங்க மொதலாளி சொன்னாரு" என்றான் கணபதி. "அதுல ஒண்ணுகூடக் கொறையல."

படி சுருங்கியும் எண் அசையவில்லை. பாலேந்திரன் ஈரச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"அப்ப நிசந்தான். எல்லாரும் லொறியில ஏறுங்கோ."

சூசையம்மா தையல் மெஷினை ஏற்றினாள். பாலேந்திரன் ஒரு காலை லொறியில் வைத்தபடி, மிஞ்சியிருந்த கடைசிப் படியையும் கேட்டுவைத்தான்.

"உங்களுக்கு ஆர் சொன்னது, றவூப் நானா?"

றவூப் அவனை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீங்கதானே சேர்? பின்னேரம் எங்கட டெலிபோன்ல கெம்பஸுக்குப் பேசக்குள்ள, லட்சத்தத் தாண்டிட்டு எண்டு கத்தினீங்க."

பாலேந்திரன் வாசலில் கிடந்த மிளகாய் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்து, மகாவலி கரைபுரள்கிற மாதிரிச் சிரிக்கத் தொடங்கினான். ஊரை நோக்கி ஒரு காக்கைக் குஞ்சும் வரவில்லை. லட்சத்தைத் தாண்டியது அவனுடைய நரம்புக் கலத்தின் மில்லிவோல்ட்.