ராசியில்லாத வாய்

“நிக்கனோர் வர்றார்! சீட்டை மறைங்கடா!”

வில்மார் குரல் கொடுத்ததுதான் தாமதம், பாரில் இருந்த அத்தனை பேரின் பந்தயத் தாள்களும் மேஜைக்கு அடியில் போயின.

நிக்கனோர் யாருக்கும் கெட்டது நினைக்கிற மனுஷர் இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் வாய் ராசி கிடையாது. ‘நல்ல குதிரைப்பா’ என்று அவர் சொல்லிவிட்டால் போதும். அது பாதியில் நொண்டும், இல்லாவிட்டால் கிளம்பவே அடம்பிடிக்கும். மான்டிவிடியோவின் அந்தப் பேட்டையில் பதினொரு வருஷமாக இதுதான் பேச்சு.

அன்று ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள். வருஷத்தின் பெரிய பந்தயம். மைதானத்துக்குப் போக முடியாதவர்கள் எல்லாம் பாரில், டிவி முன்னால்.

“இவன் குதிரையைக் காட்டுறானா, சீமாட்டிங்க தொப்பியைக் காட்டுறானா?” என்று டிவியைப் பார்த்துக் கத்தினான் வில்மார்.

“வர்ணனை பண்றவன் மட்டும் என்ன ஒழுங்கு? போன வாரம் நாலாவதா வந்ததை ஜெயிச்சிருச்சுன்னுட்டான். நான் அரை நிமிஷம் பணக்காரனா இருந்தேன்!” என்றான் லீபர்.

எல்லாரும் சிரித்தார்கள். லீபரும் சிரித்தான். ஆனால் அவன் கை சட்டைப் பையை விட்டு நகரவில்லை. உள்ளே ஒரு கவர். டிசம்பர் போனஸ் முழுசும் அதில் இருந்தது. கூரைத் தகரம் மாற்ற வைத்திருந்த பணம். மனைவி மிர்த்தாவுக்குத் தெரியாமல் காலையில் அலமாரியிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தான். டொர்மென்டா என்கிற குதிரை மேல் மொத்தத்தையும் கட்டப்போகிறான். ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்பது.

பாரின் மூலையில் பந்தயச் சீட்டு விற்கும் ஜன்னலில் அவனுக்கு முன்னால் இரண்டே பேர்.

தோளில் ஒரு கை விழுந்தது.

“என்ன லீபர், எதுல கட்டுற?”

நிக்கனோர்!

“இன்னும்... முடிவு பண்ணல.”

“யோசிக்கவே வேணாம்ப்பா. டொர்மென்டா! அது ஜெயிக்கலன்னா என் பேரை மாத்திக்கிறேன்.”

மரத்தைத் தட்டினால் தோஷம் கழியும் என்று லீபர் அவசரமாகப் பக்கத்து மேஜையைத் தட்டினான். தட்டின பிறகுதான் பார்த்தான், பிளாஸ்டிக் மேஜை.

“பதினெட்டு குதிரை ஓடுதே, உங்களுக்கு வேற கிடைக்கலையா?”

“மனசுல பட்டதைச் சொன்னேன்.”

“அடுத்தது யாரு?” என்றாள் ஜன்னல்காரி.

லீபர் டிவியைப் பார்த்தான். டொர்மென்டாவும் அந்த நேரம் பார்த்துத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. வரிசையை விட்டு விலகிவிட்டான்.

டொர்மென்டா ஜெயித்தது. அதுவும் நாலு குதிரை நீளம் முன்னால்.

பாரில் கொஞ்ச நேரம் யாரும் லீபரின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் வில்மார்தான் மெதுவாகச் சொன்னான்:

“அந்த ஆளுக்கு ஒழுங்கா தோக்கடிக்கக்கூடத் தெரியலையேடா!”

நிக்கனோரின் நாற்காலி காலியாக இருந்தது. பந்தயம் முடிந்த கையோடு ஆள் நழுவியிருந்தார்.

லீபர் விடவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. திட்ட வேண்டியதையெல்லாம் வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். கதவை இடிக்கக் கையை ஓங்கியபோது, திறந்திருந்த ஜன்னல் வழியே நிக்கனோரின் குரல் கேட்டது.

“பதினெட்டு ஓடினா பதினேழு தோக்கத்தானேம்மா செய்யும்? அந்த தைரியத்துலதான் இத்தனை வருஷமா காலம் தள்ளினேன். இன்னிக்கு இந்தப் பாழாப்போன குதிரை காலை வாரிடுச்சு!”

அடுப்படிப் பக்கமிருந்து ஒரு பெண் சிரித்தாள். பாத்திரச் சத்தத்தில் யார் என்று பிடிபடவில்லை.

“ஒரு தடவைதானே, விடுங்க ஐயா. நீங்க மட்டும் வாயைத் திறந்து வில்மாரை அந்த ஜன்னல்லேருந்து விரட்டலன்னா அவங்க பையன் பள்ளிக்கூடத்தையே பார்த்திருக்க மாட்டான்னு அவர் பொண்டாட்டி சொல்லிச் சொல்லி மாயறா. ஆனா ஊரே உங்களைப் பார்த்து ஓடுது. பக்கத்துல உட்கார ஆளில்லாம ஒத்தையா ரேஸ் பார்க்கிறீங்க. எங்களுக்காக உங்களுக்கு எதுக்கு இந்தக் கெட்ட பேரு?”

“பஸ் ஓட்டின காலத்துல, சம்பளம், கட்டில், பொண்டாட்டி காதுல கிடந்தது, எல்லாத்தையும் அந்த ஜன்னல்ல கொண்டுபோய்க் கொட்டினவன்மா நான். அன்னிக்கு எனக்கு முன்னால வந்து நிக்க ஒரு ராசியில்லாதவன் இல்லாம போயிட்டான்.”

ஓங்கியிருந்த லீபரின் கை தானாகக் கீழே இறங்கியது.

“இருந்தாலும் ஒன்பது மடங்கும்மா! அவன் மூஞ்சியைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு” என்றார் நிக்கனோர்.

செருப்புச் சத்தம் வாசலை நெருங்கியது. பெண் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது. லீபர் அவசரமாகச் சுவரோரம் ஒதுங்கினான்.

“ராத்திரி தூக்கத்துலகூட டொர்மென்டான்னு புலம்பினவர், கிடைச்சிருந்தா அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டையே வச்சிருப்பார் ஐயா. காலையில கவரைக் காணோம்னதும் உங்ககிட்ட ஓடி வந்தது நல்லதாப் போச்சு. சரி, நான் ஓடுறேன். அவர் வர்ற நேரம் நான் கொல்லைப்பக்கம் துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கணும். அப்பத்தான் கவரை அலமாரியில திருப்பி வைக்கிறதுக்கு அவருக்குக் கூச்சமா இருக்காது” என்றாள் மிர்த்தா.