ஓட்டின் முன் வைத்த கோப்பை

2018 ஆகஸ்ட் 14, காலை ஏழு மணி, புழுதிக்காற்று. வற்றிய எங்கள் கால்வாயை மூடிச் சாலையிடச் சம்மதம் கேட்டு, பொறியாளர் நவ்ஃபல், தெற்கு இராக்கின் சிபாயிஷ் சதுப்பிலுள்ள ஷேக் மிஸ்ஹிரின் நாணல் மண்டபத்திற்கு வந்தார். கொடுத்த காபியைக் குடிக்காமல் தரையில் வைத்தார். கோரிக்கை நிறைவேறும்வரை விருந்தினர் குடிப்பதில்லை என்பது எங்கள் வழக்கம்.

“கால்வாயில தண்ணியும் இல்ல, ஆமையும் இல்ல. சம்மதிச்சுடுங்க, ஷேக்.”

“வரிசைல வாங்க, உஸ்தாத். உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் கோப்பைய வச்சிட்டுக் காத்திருக்காரு.”

மின்சாரம் பாய்ச்சி மீன் பிடித்தவர்களால் செத்த கடைசி ஆமையின் ஓடு தூணில் தொங்கியது. கால்வாய்க்கு உடையவர் ஆமையே என்பது எங்கள் நம்பிக்கை. நாள்தோறும் முதல் கோப்பையை ஓட்டின் கீழே வைப்போம். அது குடிக்கப்படாமலே ஆறிப்போகும்.

அன்று ஓட்டிலிருந்து நீர் சொட்டியது.

“யாரு நனைச்சது?” என்றார் நவ்ஃபல்.

“குடிக்கவே எங்களுக்கு லாரித் தண்ணி. எலும்பைக் குளிப்பாட்ட எங்களுக்கென்ன கிறுக்கா?” ஷேக் ஓட்டைக் காட்டிச் சிரித்தார். “எங்க ஆளு தண்ணிக்காக யார்கிட்டயும் கெஞ்ச மாட்டாரு.”

நவ்ஃபல் ஓட்டைத் தொட்டார். அது குளிர்ந்திருந்தது. விரலில் பச்சைப் பாசி ஒட்டியது.

கால்வாய் மூடப்படாது என்று அவர் ஒரு தாளில் எழுதினார். கையெழுத்திட்டு நிமிர்ந்தபோது ஓட்டின் கீழிருந்த கோப்பை காலியாக இருந்தது. எங்களில் எவரும் இடம்விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் தாளை இரு கைகளாலும் ஷேக்கிடம் கொடுத்தார்.