பெருக்குவதுபோல்

பதினோராவது குழியும் விழுந்தது. பந்து மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

நத்தர்ஷா கோல்ஃப் மட்டையை ஊன்றிக்கொண்டு, வேப்பங்குச்சியின் தலையில் வெள்ளையாக உட்கார்ந்திருந்த அந்தப் பந்தை வெகுநேரம் பார்த்தார். அதுவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டிப்பாதையில் போன பாண்டீஸ்வரன் சைக்கிளை நிறுத்தினான்.

"என்ன ராவுத்தரே, வரிசையாக் குழி போட்டு வச்சிருக்கீக. தென்னங்கன்னு வைக்கவா?"

"ஆமா" என்றார் நத்தர்ஷா.

இது இரண்டாவது பொய்.

முதல் பொய் போன மாதம், தொலைபேசியில். மகள் ரஃபியாவுக்குப் பேசியிருக்கும் மதுரை மாப்பிள்ளையின் அத்தா, அதாவது தகப்பனார், ஓய்வுபெற்ற அதிகாரி. ஞாயிற்றுக்கிழமையானால் தனக்குக் கொடைக்கானலில் கோல்ஃப்தான் என்றார். பிறகு பேச்சு நின்றுவிட்டது.

திராட்சைப் பந்தலுக்கடியில் புத்தகமும் கையுமாகப் பேச்சில்லாமல் பாதி ஆயுளைக் கழித்தவர் நத்தர்ஷா. அந்த ஒரு மௌனத்தை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. "எனக்கும் அதே பழக்கந்தான்" என்று சொல்லித் தொலைத்தார்.

அப்படியானால் நிச்சயத்துக்கு முந்தின நாள் சேர்ந்து ஆடிவிடலாம் என்றார் அவர்.

நிச்சயத்துக்கு இன்னும் ஆறு நாள். புளுகுணி வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

பழைய புத்தகக் கடையில் கிடைத்த கோல்ஃப் புத்தகம் தலையைக் குனிந்தே வைத்திரு என்றது. அதை மட்டும் அவர் பிசகில்லாமல் செய்தார். பந்தலுக்குள் குனிந்தே நடந்து பழகிய கழுத்து. அடுத்த வரியில்தான் வினை. மண்ணை வெட்டாதே, பெருக்குவதுபோல் வீசு.

நாற்பது வருடம் மண்வெட்டி பிடித்த கை. ஓங்கினால் நேரே மண்ணுக்குத்தான் இறங்கியது.

அந்த வரியை அவர் மனைவி ஜெய்த்தூனிடம் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. "இருபத்தெட்டு வருசத்துல ஒரு நா வெளக்கமாத்தத் தொட்டிருக்கீகளா? பெறகு எப்படிப் பெருக்க வரும்?" என்று கேட்டுவிட்டாள்.

அவள் இப்போது வீட்டிலிருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். அழுகிறாள் என்று நினைத்தார். சம்பந்தம் முறிந்துவிட்டது என்றே நினைத்தார்.

"மதுரையிலருந்து மாப்பிள்ளையோட அம்மா போன் பண்ணுனாக. அவுக வீட்டுக்காரரு ஒரு மாசமா மொட்டமாடியில பாய விரிச்சுப் பந்தடிச்சுப் பழகுறாகளாம். மட்டையத் தொடுறதே இப்பத்தானாம். ஏதோ கவுரவத்துக்குச் சொல்லிப்புட்டாகளாம். பக்கத்து வீட்டுக் கண்ணாடி ரெண்டு போச்சாம். 'ஒங்க வீட்டுல நல்லா ஆடுறவுக, கொஞ்சம் பாத்து ஆடச் சொல்லுங்க'ன்னு கெஞ்சுறாக."

"நீ என்ன சொன்ன?"

"நா ஒண்ணும் சொல்லல."

அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் உதடு முணுமுணுத்தது. மட்டையைக் கீழே போட்டுவிடலாம். மதுரைக்குப் போன் போட்டு, உண்மையைச் சொல்லிச் சிரித்துவிடலாம். பதினோரு குழியிலும் தென்னங்கன்று வைத்துவிடலாம்.

மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. பந்தைப் பார்த்தார். மதுரை இருக்கும் திசையைப் பார்த்தார்.

"ஜெய்த்தூன்" என்றார் மெதுவாக. "நம்ம வீட்டுல வெளக்கமாறு எங்கன இருக்கும்?"