கிரில் கேட்டுக்கு வெளியே ஒருவன்

“இங்க நீங்க பாதுகாப்பா இருக்கீங்களான்னு கேக்குறாங்க.”

ஜாஸ்மின் மேடம் இப்படி மொழிபெயர்த்துச் சொன்னதும் காவேரி எழுந்து நின்றுவிட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த அறுபது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஜாஸ்மின் மேடம் ஃபேக்டரியின் எச்.ஆர். யார் எழுந்து பேச வேண்டும் என்று நேற்றே பெயர் குறித்துக் கொடுத்திருந்தார். அதில் காவேரியின் பெயர் இல்லை.

கேள்வி கேட்ட வெள்ளைக்கார அம்மா, இவர்கள் செய்யும் செல்போன்களை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள். சேரப்பணஞ்சேரி ஹாஸ்டலைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். பெண்கள் குறையைக் கேட்பதற்கென்றே இருக்கும் அதிகாரி என்றார்கள். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் காவேரி எழுந்தாள்.

மாடியில், அவளுடைய அறையில், அமலா சுருண்டு கிடந்தாள். மூன்று மாதம். விடியற்காலையிலிருந்து உதிரம் நிற்கவில்லை.

வார்டன் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, மாசாமாசம் வருகிற வலிதான் என்று மாத்திரை கொடுத்தார். வெளியே போக வேண்டுமென்றால் அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அமலாவின் அப்பா திண்டுக்கல் பக்கம் இருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் ஆனதே அவருக்குத் தெரியாது.

கம்பெனிக்கும் தெரியாது. கல்யாணமான பெண்களை லைனில் வைப்பதில்லை. எங்கும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. கல்யாணமானவள் லீவு கேட்பாள், பிள்ளை உண்டாவாள், கை வேகம் குறையும் என்று கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ முடிவு செய்தது.

“கம்பெனி டாக்டர் மட்டும் வேணாக்கா,” என்று அமலா காவேரியின் கையை விடவில்லை. அந்த டாக்டர் பார்த்தால் அன்றோடு வேலை போய்விடும்.

போனும் இல்லை. யாராவது படம் எடுத்துவிடுவார்கள் என்று முந்தின நாளே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டார்கள்.

அமலாவின் புருஷன் லோகேஷ், வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். முந்தின நாள் வலி என்று சொன்னவள் அப்புறம் போனை எடுக்கவே இல்லையே என்று, பொழுது விடிந்ததும் ஆட்டோவோடு வந்து கிரில் கேட்டுக்கு வெளியே நின்றான். தான் யார் என்று மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை.

காவேரி வாயைத் திறந்தாள். அதற்குள் கேட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. காவலாளிகள் லோகேஷைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார். யாரென்று கேட்டார். ஜாஸ்மின் மேடம் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, அந்த அம்மாவின் முகம் முதலில் கலங்கியது. பிறகு தெளிந்தது.

“அந்த கேட்டப் போடச் சொல்லி போன வருஷம் ரிப்போர்ட் எழுதுனதே மேடம்தானாம். யாரோ பொறுக்கி உள்ள வராம அது தடுக்குறத இன்னிக்குக் கண்ணால பாத்துட்டாங்க. போலீஸக் கூப்பிடச் சொல்றாங்க,” என்று ஜாஸ்மின் மேடம் தமிழில் சொன்னார்.

பெண்கள் கை தட்டினார்கள்.

இந்த அம்மாவிடம் இனி என்னத்தைச் சொல்வது?

“போலீஸ் வேணாம், மேடம்,” என்றாள் காவேரி. “அது என் வூட்டுக்காரரு.”

கைதட்டல் நின்றது.

“எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. மறைச்சுத்தான் வேலைக்குச் சேந்தேன்.”

அந்த அம்மா பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டார். அவன் அடிக்கிறானா, அவனிடமிருந்து விடுபட உதவி வேண்டுமா என்று ஜாஸ்மின் மேடம் மூலமாகக் கேட்டார். காவேரி தலையாட்டி மறுத்தாள்.

ஜாஸ்மின் மேடம் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். அந்த அம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

சிரிப்பு மாறாமல் ஜாஸ்மின் மேடம் காவேரியிடம் தமிழில் சொன்னார். “மேல போய் பையை எடு. பதினஞ்சு நிமிஷம். கேட்ல ஐடி கார்டக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு.”

வேலையை விட்டு அனுப்பப்படுகிறவளுக்கு அப்பாவின் கையெழுத்து தேவையில்லை.

காவேரி தன் கார்டை அமலாவின் கழுத்தில் மாட்டினாள். மாஸ்க் போட்டு, துப்பட்டாவைத் தலையைச் சுற்றிக் கட்டினாள். கடைசிப் படி வரைக்கும் தோளில் தாங்கி இறக்கிவிட்டாள். அங்கிருந்து கேட் இருபது அடி. அதை அமலா தனியாக நடந்தாள்.

புதிதாக வந்த வடநாட்டுக் காவலாளி கார்டில் நம்பரை மட்டும் பார்த்துவிட்டுத் திறந்தான். லோகேஷ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஓடிவந்து பிடித்துக்கொண்டான். சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலிலிருந்து அந்த அம்மா இருவருக்கும் கையசைத்தார்.

காவேரி அமலாவின் கட்டிலில் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வார்டன் அமலாவின் போனைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். வைத்ததும் அடித்தது. லோகேஷ்.

“ஜி.எச்.ல கீறோம்க்கா. அமலாவுக்கு ஒண்ணும் இல்ல. புள்ளதான் தங்கல.” கொஞ்ச நேரம் அழுதான். “எங்களுக்காகப் பொய் சொல்லி வேலைய வுட்டுட்டியேக்கா.”

காவேரி சொன்னதில் பாதிதான் பொய்.

போனை வைத்துவிட்டு, அதிலேயே செய்யாறு வீட்டு நம்பரை அழுத்தினாள். அறையில் எப்போதும் யாராவது இருப்பார்கள் என்பதால், இரண்டு வருஷமாக அங்கே இருக்கும் நாலு வயதுக் குழந்தைக்கு அவள் அத்தை. அப்படித்தான் கூப்பிடப் பழக்கியிருந்தார்கள்.

“யாரு?” என்றது குழந்தை.

“அம்மா பேசுறேன், மதி.”

குழந்தை போனைத் தாழ்த்திக்கொண்டு யாரையோ கூப்பிட்டது.

“அப்பா, அத்தை இன்னாமோ சொல்லுது.”